பறக்கும் தட்டு எங்கள் மேசையில் இறங்கிய கதை

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். எங்கள் ரப்பர்த் தோட்டத்து லயத்திலேயே, வரிசையின் கடைசிக் காம்பராவில் உயிரோடு இருக்கிற மனிதரைப் பற்றி எழுதுவது பாவமாகிவிடுமோ என்று பயம். போன ஞாயிறு பூசையில் ஆண்டவரிடம் கேட்டுவிட்டேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆகவே எழுதுகிறேன்: இரத்தினபுரிப் பக்கத்தில் உலகத்தை அதிகத் தடவை அழித்த மனிதர் பறக்கும் தட்டுதான்.

அது லயம் அவருக்கு வைத்த பெயர். ரப்பர் ஷீட்டுக்குப் புகை போடும் கூடத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம் போனில் பழைய கறுப்பு வெள்ளை இங்கிலீஷ் படம். செவ்வாயிலிருந்து ஆள் வருவான், கடலிலிருந்து ராட்சத நண்டு வரும், எதுவும் வராவிட்டால் யாரோ ஒரு விஞ்ஞானியின் மூளை மட்டும் போத்தலுக்குள் கிடந்து பேசும். தட்டைத் தொங்கவிட்ட நூல் தெரியும். பூதத்தின் முதுகில் ஸிப் தெரியும்.

"இவ்வளவு மோசமான படத்த ஏன்யா பாக்குறீங்க?" என்று கேட்டேன்.

"நல்ல படத்துல நமக்கு எடமே இல்லண்ணே. எல்லாத்தையும் அவனே முடிச்சிருவான். இந்த மாதிரிப் படத்துலதான் அங்கங்க ஓட்டை இருக்கும். நம்ம ஆளுங்க உள்ள பூந்துக்கலாம்."

பூந்துகொண்டது என் வீட்டில்.

கொழும்பில் ஒரு வீட்டில் வேலை செய்த காலத்தில் அங்கிருந்த பிள்ளைகளிடம் ஒரு விளையாட்டைப் பழகியிருந்தார். மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதை சொல்வார், மற்றவர்களுக்கு ஆளுக்கொரு வேஷம். ஆபத்து வரும்போது "என்ன செய்றீங்க?" என்று கேட்பார். நாம் சொன்னது பலித்ததா இல்லையா என்பதைப் பகடைக் காய் உருட்டிப் பார்க்க வேண்டும்; பெரிய எண் விழுந்தால் தப்பித்தோம். அதற்கு மேசை வேண்டுமே! லயத்தில் ஆறு பேர் உட்காரக்கூடிய மேசை, என் மாமனார் சீராகக் கொடுத்தது, என் வீட்டில் மட்டும்தான் உண்டு.

அதனால் தட்டுக்குத் திடீரென்று பக்தி வந்தது. சனிக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுச் செபமாலைக்கு வந்தார், முழங்காலில் நின்றார். முடிவில் சிலுவை அடையாளம் போடும்போது நான் பிதாவிலிருந்து தூய ஆவிக்கு வருவதற்குள் மேசையில் செவ்வாய்க் கிரகம் விரிந்திருக்கும்.

படத்தின் கதையை அப்படியே சொல்லவும் மாட்டார். அமெரிக்காவில் விழுந்த எரிகல் இங்கே குருவிட்ட மாணிக்கக் குழிக்குள் விழும். விஞ்ஞானி தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிஸ்பென்சர் ஆகிவிடுவார். பூதம் சரியாகக் காலைப் பெரட்டுக்கு வந்து, பேர் கூப்பிடும் வரிசையில் நிற்கும்.

"படத்துல ஆமி வந்து குண்டு போட்டு முடிச்சிரும். நமக்கு எந்த ஆமி? நீங்கதான் பாத்துக்கணும்" என்பார்.

விளையாட்டில் என் மனைவி பிலோமினா டாக்டர். மகள் ஷர்மிளா, நிஜத்தில் பாலர் பாடசாலை டீச்சர், இங்கே கேப்டன். தோட்டத்து வாச்சர் சுனிலுக்கு எந்த வேஷம் கொடுத்தாலும் சிங்களத்தில் ஒரே பதில்தான்: "மம துவனவா!" ஓடுகிறாராம்.

"பூதம் இன்னும் வரவே இல்லையே சுனில்?"

"வந்த பொறகு ஓடி என்ன செய்ய?"

இருபது முகமுள்ள காய் இங்கே எந்தக் கடையில் கிடைக்கும்? தட்டு அதை ரப்பரிலேயே செய்துவிட்டார். ரப்பர் உருளுமா? துள்ளியது. சுவரில் பட்டு, பிலோமினாவின் தலையில் பட்டு, வாசலைத் தாண்டித் தண்ணீர் ஓடும் கானுக்குள் விழும். குடும்பமே டோர்ச்சோடு தண்ணீரில் குனிந்து நிற்கும். "யாரும் கை வைக்காதீங்க, நம்பர் மாறிரும்!" என்று அவர் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடி வருவார்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். ஷர்மிளாவுக்கு இடம் பார்த்தபோதுதான் பொறுக்க முடியாமல் போனது.

முன்பே இரண்டு இடத்தார் வந்து, பெண்ணுக்கு வாய் அதிகம் என்று போய்விட்டார்கள். இதுவும் போனால் இனி யாரும் படியேற மாட்டார்கள் என்று பிலோமினா அழுதாள். மூன்றாவது, யட்டியாந்தோட்டையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் நல்ல குடும்பம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தார்கள். "வாயத் தொறக்காதம்மா, தேத்தண்ணி குடுத்துட்டு உள்ள போயிரு" என்று மகளிடம் கெஞ்சி வைத்திருந்தேன். ஞாயிறு மண் சரியலாம் என்று ரேடியோவில் சொன்னதால் அவர்கள் சனிக்கிழமையே வேனில் வந்து இறங்கிவிட்டார்கள்.

விளையாட்டு பாதியில் இருந்தது. மேசை நடுவில் பூதத்தின் முட்டை. ரப்பர் மரத்தில் காய்ந்து ஒட்டிய ஒட்டுப்பாலில் செய்தது. நாற்றம் வீட்டைத் தூக்கியது.

"எடுங்கய்யா இத!" என்று பல்லைக் கடித்தேன்.

"இப்ப எப்பிடிண்ணே எடுக்கிறது? வெடிக்கிற நேரம்."

மாப்பிள்ளையின் அப்பா உட்கார்ந்தார். பிலோமினா தேத்தண்ணி வைத்தாள். சுனில் பதற்றத்தில் காயைப் போட, அது துள்ளி நேரே அவருடைய கோப்பைக்குள் விழுந்து மிதந்தது.

தட்டு எழுந்து கோப்பைக்குள் எட்டிப் பார்த்தார். "பதினெட்டு. அய்யா, நீங்க தப்பிச்சிட்டீங்க."

"எதுலருந்து?"

கேட்டிருக்கக் கூடாது. தட்டு முழுக் கதையையும் சொன்னார். நான் மாதா படத்தைப் பார்த்தபடி நின்றேன். திரும்பியபோது மாப்பிள்ளையின் அப்பா டிஸ்பென்சர் ஆகியிருந்தார். மாப்பிள்ளை அமல் வாசல் காவல்.

"தம்பி, கேப்டன் உள்ளுக்கு முட்டையோட மாட்டிகிட்டாங்க. கதவு ஒங்க கையில. படத்துல இந்த எடத்துல பொண்ணு மயங்கி விழுந்துரும், ஹீரோ தூக்கிட்டு ஓடுவாரு. நீங்க என்ன செய்றீங்க?"

அமல் யோசித்தார். பிறகு ஷர்மிளாவைப் பார்த்து, "கேப்டன், ஒங்களுக்கு என்ன வேணும்? கதவத் தொறக்கவா, மூடிப் பிடிச்சிகிட்டு நிக்கவா?" என்றார்.

வந்த மூன்று மாப்பிள்ளைகளில் அவளிடமே நேராக ஒன்றைக் கேட்டவர் இவர்தான். அவள் என்னைப் பார்த்தாள். வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"மூடிப் பிடிங்க. நான் சொல்ற வரைக்கும் தொறக்கக் கூடாது. டிஸ்பென்சர், மருந்துப் பொட்டிய இங்கிட்டு தள்ளுங்க. சுனில் மாமா, இன்னைக்கு ஓடினீங்கன்னா தெரியும்!"

போச்சு என்று நினைத்தேன். முட்டை அடங்கும்வரை எல்லோரையும் ஏவினாள். மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார்.

"கேப்டன் புள்ள, நான் இன்னும் உசுரோடதான இருக்கேன்?"

"இருக்கீங்க மாமா. பயப்படாதீங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "கடையில நாலு ஆம்பளைங்க நிக்கிறோம், ஒருத்தனுக்கும் ஒரு முடிவு எடுக்கத் தெரியாது. எங்களுக்குச் சம்மதங்க."

"அவங்களக் கேக்கலயேப்பா" என்றார் அமல்.

ஷர்மிளா முட்டையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "இப்ப கதவத் தொறக்கலாம்."

இன்று இந்தக் கதை தோட்டம் தோட்டமாகப் போகிறது. யட்டியாந்தோட்டையில், சம்பந்தியின் கோப்பைக்குள் முட்டை பொரித்தது என்கிறார்களாம். குருவிட்டப் பக்கம் நான் மயங்கி விழுந்தேனாம். இதையெல்லாம் கிளப்பிவிடுவது யார் என்று எனக்குத் தெரியும். நடந்தது மேலே எழுதியதுதான். யாருக்காவது சொன்னால் இப்படியே சொல்லுங்கள்.

இன்னும் ஒன்று. கல்யாணப் பூசையன்று தட்டு இரவல் கோட்டோடு கோயிலின் கடைசி வரிசை வாங்கில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தார். நான் போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து, பெண் வீட்டாரின் முதல் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டேன். கதை சொல்லும்போது ஆசைப்பட்டால் முட்டையை இரண்டாக்கிக்கொள்ளுங்கள். அந்த வாங்கை மட்டும் பின்னுக்குத் தள்ளிவிடாதீர்கள்.