டிரைவரின் புது முழங்காலும் பால்கனி ரகசியமும்

யார் வந்து காலில் விழுந்தாலும் சரி, கட்டிலை விட்டு இறங்குவதில்லை என்று டிரைவர் முடிவு கட்டிவிட்டார். காலமெல்லாம் பஸ் ஓட்டித் தேய்ந்த முழங்காலுக்குப் புது மூட்டு பொருத்தி, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீடு வந்திருந்தார். காலை ஊன்றினால் வலி உயிரை எடுத்தது. டாக்டரோ, "மாத்திரை மட்டும் போதாது. அடிக்கடி எழுந்து நடக்கணும். படுத்தே கிடந்தா கால்ல ரத்தம் உறைஞ்சு கட்டியாயிடும். அது நுரையீரலுக்குப் போச்சுன்னா உயிருக்கே ஆபத்து" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

"எழுந்திரிங்க, கூடம் வரைக்கும் போயிட்டு வரலாம்" என்றாள் மனைவி.

"வண்டி டிப்போவுல நிக்குது. இப்போதைக்கு எடுக்கறதா இல்லை."

"ரத்தம் உறைஞ்சுடும்னு சொன்னாரே!"

"என் காலு, என் ரத்தம். உனக்கென்ன வந்துச்சு?"

கட்டின பெண்டாட்டியிடம் கேட்கிற கேள்வியா இது! அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. டிரைவர் பார்த்தும் பார்க்காதவர் போலத் தலையணையைத் தட்டிக்கொண்டிருந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டு போனவள் அப்புறம் நடை என்ற பேச்சே எடுக்கவில்லை. ஜெயித்துவிட்டோம் என்று அவருக்கு ஒரே குஷி.

கொஞ்ச நேரத்தில் சமையலறையிலிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணா, அவரோட ஸ்கூட்டரை வித்துடுங்க. ம்... ம்... கிடைச்ச விலைக்குத் தள்ளிவிடுங்க. அவருக்குத் தெரிஞ்சா குதிப்பாரு."

ஸ்கூட்டரையா? கூடப்பிறந்த தம்பியைக்கூட அவர் தொடவிட்டதில்லையே! டிரைவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஊன்றி நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரை இழுத்துப் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனார். அதற்குள் பேச்சு கூடத்துக்குப் போயிருந்தது. கூடத்துக்குப் போனால், பால்கனியில் "ம்... ம்..." என்கிறாள். இவர் தலையைப் பார்த்ததும் பேச்சு நின்றது.

சாயங்காலமும் இதே கூத்து. மறுநாளும் இதே கூத்து. வலியாவது கிலியாவது! ஆளைக் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று வீடு முழுக்க வாக்கரோடு துரத்தினார். கடைசியில் ஒருநாள் பால்கனி வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"மாட்டினியா! கொடுடி போனை! உங்கண்ணனை நறுக்குன்னு நாலு கேள்வி கேட்கணும்!"

அவள் காதிலிருந்து கையை எடுத்து நீட்டினாள். கையில் டிவி ரிமோட்.

"போன் உங்க தலைமாட்டுலதாங்க சார்ஜ்ல கிடக்கு. அண்ணன்கிட்ட பேசணும்னா நடந்து போய் எடுத்துட்டு வாங்க."