ஆலோசகர் அசையக் கூடாது

மூக்கின் நுனி அரித்தது. சொறிந்துகொள்ளத்தான் வழியில்லை.

கடிகாரக்காரர் ஜன்னலைப் பார்த்தபடி மர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஓவியக் கல்லூரி மாணவர்கள் அவரைப் பார்ப்பதும் வரைவதுமாக இருந்தார்கள். அவர் மெல்ல மூக்கைச் சுளித்துப் பார்த்தார்.

"சார், ஆடாதீங்க! இப்பத்தான் மூக்குக்கு வந்திருக்கேன்" என்றாள் முன்வரிசைப் பெண்.

அவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். ஒரு காலத்தில் கடைவீதியில் பேர்போன சுவர்க்கடிகாரக் கடை முதலாளி. ஊரே கைபேசியில் மணி பார்க்க ஆரம்பித்தபோது, வேறு ஏதாவது சேர்த்து விற்கச் சொல்லி ஆளாளுக்குத் தலையில் அடித்துக்கொண்டார்கள். "மணி பார்க்கிறதுன்னா தலை நிமிர்ந்து பார்க்கணும்யா" என்று சொல்லிவிட்டு, ஆள் வராத கடையில் கல்லாவுக்குப் பின்னால் அசையாமல் உட்கார்ந்திருந்தார். கடை போயிற்று. உட்கார்ந்த பழக்கம் மட்டும் மிஞ்சியது. அதற்கும் ஒரு வேலை இருக்கிறது என்று கல்லூரி வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்.

அந்த வேலைக்கு 'மாடல்' என்று பெயர். தொப்பையும் வழுக்கையுமாக ஒரு மாடல்! நினைத்தாலே அவருக்குக் காது மடல் சூடாகிவிடும். இதைப் போய் வீட்டில் எப்படிச் சொல்வது?

"தினமும் இஸ்திரிச் சட்டை போட்டுக்கிட்டு எங்கே கிளம்புறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

"ஓவியக் கல்லூரியில ஆலோசகர் வேலை கிடைச்சிருக்கு."

அவள் கையிலிருந்த கரண்டி நழுவி விழுந்தது. "மேம்பாலத்துக்குப் பக்கத்துல இருக்கே, அந்தக் காலேஜா?"

"அதேதான்."

"காலையிலயா, சாயங்காலமா?"

"காலையில மட்டும்தான்."

"அப்பச் சரி" என்று கரண்டியை எடுத்துக் கழுவினாள். "என்ன ஆலோசனை சொல்லுவீங்க?"

"வியாபாரத்துல மாற்றத்தை எப்படி ஏத்துக்கிறதுன்னு. படம் வரையறவங்களும் பிழைக்கணும்ல?"

சொல்லி முடித்ததும் அவருக்கே புரையேறியது.

பேச்சு அதோடு நின்றிருந்தால் தேவலை. அவளுடைய தம்பியின் காதுக்கு எட்டிவிட்டது. மச்சினன் மெத்தை வியாபாரி, வியாபாரிகள் சங்கச் செயலாளர் வேறு. மறுநாளே வந்து நின்றான்.

"அத்தான், காலேஜ் பிள்ளைங்களுக்குச் சொல்றதை நம்ம சங்கத்துலயும் வந்து சொல்லணும். மாற்றம்தான் தலைப்பு."

"தொண்டை கட்டியிருக்குப்பா."

"மைக் இருக்கு அத்தான். முணுமுணுத்தாப் போதும்."

மறுத்தால் சந்தேகம் வரும். போனார். எதிரே பழைய கடைவீதி மொத்தமும் உட்கார்ந்திருந்தது. கடை நொடிந்ததைக் கண்ணால் பார்த்தவர்கள். இவர்களுக்குப் போய் என்ன சொல்வது? கடைசியில், வகுப்பில் ஓவிய டீச்சர் மாணவர்களிடம் தினமும் சொல்வதுதான் வாயில் வந்தது.

"முன்னால இருக்கிறதைப் பாருங்க. இருக்கணும்னு நீங்க நினைக்கிறதைப் பார்க்காதீங்க. மூக்கு கோணலா இருந்தா..." என்று ஆரம்பித்தவர் சுதாரித்துக்கொண்டார். "கடைக்கு ஆள் வரலைன்னா, வரலைன்னு பார்க்கணும். நாளைக்கு வந்துடுவாங்கன்னு மனசுல ஒரு படம் போட்டுக்கிட்டு உட்காரக் கூடாது. நான் உட்கார்ந்தேன்."

கடைசி வார்த்தைகள் அவரைக் கேட்காமலே வெளியே வந்துவிட்டன. மண்டபத்தில் ஒரே கைதட்டல். எதிர்வரிசைப் பாத்திரக்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கடிகாரக்காரருக்கோ தரை பிளந்து தன்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. உண்மையைச் சொன்ன ஒரே இடத்திலும் பொய்யனாக அல்லவா நிற்கிறோம்!

"அத்தான், பிரமாதம்!" என்று மச்சினன் கட்டிப்பிடித்தான். "அடுத்த வாரம் உங்க காலேஜ்ல கண்காட்சியாமே? சங்கமே திரண்டு வருது!"

அவர் விழுந்தடித்துக்கொண்டு டீச்சரிடம் ஓடினார்.

"மேடம், கண்காட்சியில என் படமெல்லாம் வேண்டாமே."

"அது உங்க படம் இல்லை சார். அவங்க படம்."

"மூஞ்சி என்னோடதுதானே?"

"வரையற வரைக்கும் உங்களோடது" என்று டீச்சர் சிரித்தார். "ஒண்ணு தெரியுமா? உங்க முகத்துல ஒரு கூச்சம் இருக்கு. அதைப் பிடிக்கத்தான் பிள்ளைங்க இத்தனை நாளா மல்லுக்கட்டுறாங்க. சும்மா ஒரு முகத்தை வரைஞ்சா ஆச்சா? அதுவா கலை?"

கலையோ கத்தரிக்காயோ, மானம் போகாமல் இருந்தால் போதும் என்று அவர் வீடு திரும்பினார். கண்ணாடி முன் நின்று யோசித்தார். முகத்தை எடுக்க முடியாது. மீசையை எடுக்கலாமே? எடுத்துவிட்டார். மேலுதடு உரித்த வெங்காயம் போல் பளபளத்தது.

கண்காட்சி அன்று மனைவி தலைவலி என்று படுத்துக்கொண்டாள். அவருக்கு உள்ளூரச் சந்தோஷம்.

"அப்ப நீ வீட்டுலயே இரும்மா."

"அக்கா இல்லாமலா?" என்று மச்சினன் காரில் தைலத்தோடு வந்து இறங்கினான்.

வாசலிலேயே சங்கத்தார் சூழ்ந்துகொண்டார்கள். மீசை போன அதிசயத்தை ஒருவர் விடாமல் உற்று உற்றுப் பார்த்தார்கள். முகத்தை மறைக்கச் செய்த காரியம், எல்லார் கண்ணையும் முகத்திலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அந்தக் கண்களோடு முதல் அறைக்குள் நுழைந்தார்கள்.

நான்கு சுவர்களிலும் அவர்தான். கரியில், மையில், வண்ணத்தில், நேராக, பக்கவாட்டில்.

மச்சினன் ஒரு படத்தையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "அத்தான், உங்களுக்கு அண்ணன் யாராவது...?"

"ஆமா" என்று சொல்ல அவர் வாயெடுப்பதற்குள், முன்வரிசைப் பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஐயோ சார்! மீசை எங்கே? நாளைக்கு நான் எதைப் பார்த்து வரையறது?"

காது மடலில் ஆரம்பித்த சூடு கழுத்து வரை இறங்கியது.

"ஆலோசனை எல்லாம் ஒண்ணும் இல்லை" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டே. "வந்து உட்காருவேன். இவங்க வரைவாங்க. அதுதான் வேலை. சங்கத்துல பேசினதுகூட டீச்சர் சொன்னது."

பாத்திரக்கடைக்காரர்தான் முதலில் தொண்டையைச் செருமினார். "இதுக்கெல்லாம் கலைன்னு பேருன்னா, நீங்க அன்னைக்குக் கடையில உட்கார்ந்திருந்ததும் கலைதான்யா. எங்களுக்குத்தான் ரசிக்கத் தெரியலை."

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். கேலி இருந்தது, ஆனால் குத்தவில்லை. ஒவ்வொருவராகப் படங்களின் அருகே போய், "காது அச்சு அசல்", "இதுல தொப்பையைக் குறைச்சுட்டாங்க" என்று பேச ஆரம்பித்தார்கள். அவரும் தலையைத் தூக்கிப் பார்த்தார். எந்தப் படத்திலும் அந்த ஆள் யார் கண்ணையும் பார்க்கவில்லை. இவ்வளவு கூசிப்போயா உட்கார்ந்திருந்தோம்? எதற்கு? யார் வீட்டிலாவது திருடினோமா?

மனைவியைத் தேடினார். அவள் கதவோரம் நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"ஏங்க, வீட்டுக்குப் போயிடலாம் வாங்க."

இவளுக்கல்லவா பெரிய தலைகுனிவு!

"உன்கிட்ட மறைச்சது தப்புதான்" என்றார். "ஆனா இனிமே ஒளியப் போறதில்லை. வா, அடுத்த அறையையும் பார்த்துட்டே போவோம்."

"வேண்டாங்க."

"வாம்மா. யாரு என்ன சொல்லிடுவாங்க?"

"பெயிண்ட் வாசனை எனக்கு ஆகாதுங்க!" அவள் கதவு நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் அவள் விரல்களைப் பக்குவமாகப் பிரித்து, கையைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக நெஞ்சை நிமிர்த்தி இரண்டாம் அறையை நோக்கி நடந்தார். வாசலில் நின்றிருந்த, அவர் அதுவரை பார்த்தேயிராத ஒரு மாணவன், அவரைத் தாண்டி அவளைப் பார்த்து முகம் மலர்ந்தான்.

"ஆன்ட்டி, வந்துட்டீங்களா! நாளைக்குச் சாயங்கால வகுப்புக்கும் அதே பச்சைச் சால்வையைப் போட்டுட்டு வந்துடுங்க, உங்க தோள்பட்டை மட்டும்தான் பாக்கி!"