ஆயிரத்து எண்ணூறு உணரிகளும் ஒரு கைராசியும்

"எத்தனை?"

"இருநூத்திப் பன்னெண்டு தூங்குது சார்," என்றாள் பொறியாளர்.

இயக்குநர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பெரிய முடிவு எடுப்பதற்கு முன் அவர் செய்கிற வேலை அது. பெரும்பாலும் அதோடு முடிந்துவிடும்.

நாலு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வருகிறது. அடுத்த மாதம் ஓய்வுபெற வேண்டியவருக்கு இன்னும் மூன்று வருடம் நாற்காலி உண்டா என்பது குழுத்தலைவியின் பேனாவில் இருந்தது.

தொலைநோக்கியின் கேமராவில் ஆயிரத்து எண்ணூறு மீக்கடத்தி உணரிகள். வானத்திலிருந்து வரும் மில்லிமீட்டர் அலைகளின் துளிச் சூட்டைக்கூடக் கண்டுகொள்பவை. ஆனால் ஒவ்வொன்றையும் அரைத்தூக்கத்தில் நிறுத்த வேண்டும். மின்னோட்டம் குறைந்தால் தூங்கிவிடும், கூடினால் சூடேறி மரத்துவிடும். எதுவானாலும் திரையில் அந்தப் புள்ளி சிவப்பு.

"புரோகிராம் ஓடட்டும் சார். அரை மணி நேரத்துல அதுவே சரிபண்ணிடும்."

"புரோகிராமுக்குக் கைராசி உண்டாம்மா? நகரு."

பத்து வருடத்துக்கு முன் அவர் ஏதோ ஓர் எண்ணை மாற்றியதும் எல்லாம் பச்சையானது. அதே நொடியில் ஊழியர் ஒருவர் கழன்றிருந்த ஒயரைச் செருகியதை, அவர் எழுதிய கட்டுரையில் சேர்க்கவில்லை.

பொறியாளர் சட்டென்று எழுந்தாள். "இங்க கண்ணு கூசும் சார். மூலையில பெரிய திரை இருக்கு. சுத்துற நாற்காலி வேற."

சுற்றுகிற நாற்காலி என்றதும் இயக்குநர் மூலைக்குப் போனார். அவள் எதையோ தட்ட, அங்கேயும் அதே இருநூற்றுப் பன்னிரண்டு சிவப்பு.

"தாராளமா குடுத்தாத்தான் எழுந்திரிக்கும்," என்று மின்னோட்டத்தை ஏற்றினார். சிவப்பு நானூறு.

"மரத்துப்போச்சு சார்," என்றார் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த எலக்ட்ரீஷியன்.

குறைத்தார். தொள்ளாயிரம்.

"இப்ப குறட்டை விடுது சார்."

"யாரோ தொம் தொம்முன்னு நடக்கறீங்க! எல்லாரும் செருப்பைக் கழட்டுங்க. போனையெல்லாம் பீரோவுல போட்டுப் பூட்டு, அலை கலக்குது!"

அவர் போனும் உள்ளே போனது, சாவி அவர் பைக்குள் போனது. சிவப்பு மட்டும் போகவில்லை. கடைசியில், எல்லாவற்றையும் ஒரே அடியாக அணைத்து எழுப்பினார். திரை செங்கல் சுவராகிவிட்டது.

"ஒண்ணே ஒண்ணு பச்சையா தாக்குப்பிடிச்சுது," எலக்ட்ரீஷியன் பெருமூச்சு விட்டார். "அதையும் விட்டுவைக்கல."

பீரோவுக்குள் போன் நாலு தடவை அடித்தது.

"திறக்காதே!"

ஒரு மணி நேரம் முன்னதாகவே வருகிறோம் என்று சொல்லக் குழு அடித்த போன் அது. கதவு திறந்தபோது இயக்குநர் மண்டி போட்டு, தரையில் காது வைத்திருந்தார். கிழிந்த காலுறை வழியே கட்டைவிரல் குழுவை வரவேற்றது.

"ஏதாவது தொலைஞ்சுபோச்சா?" என்றார் குழுத்தலைவி.

"இல்ல மேடம், அதிர்வை... காதாலயே அளக்கறேன்."

குழுத்தலைவியின் பார்வை பொறியாளரின் மேசைக்குப் போனது. "ஆயிரத்து எழுநூத்தி எண்பத்தொண்ணு பச்சை! இப்படி ஒரு கேமராவை நான் பார்த்ததே இல்லை. யார் பண்ணது?"

தன் திரை சிவந்து கிடக்க, அந்தத் திரை எப்படிப் பச்சையானது என்று இயக்குநருக்குத் தெரியவில்லை. தெரியாதது எதுவும் அவர் பேச்சுக்குக் குறுக்கே வந்ததில்லை.

"நான்தான் மேடம். முதல்ல மொத்தமா குலைச்சிடணும். அப்புறம் தானா எழுந்து நிக்கும். கைராசின்னு வெச்சுக்கோங்களேன். இந்தப் பொண்ணு புரோகிராம் புரோகிராம்னு கட்டிக்கிட்டு அழுதா. இவ ஒப்பந்தத்தை நீட்டலாமான்னே யோசிக்கறேன்."

குழுத்தலைவி அறிக்கைத் தாளை எடுத்தார்.

"அப்ப, நீங்க இல்லாம இது ஓடாதுன்னு எழுதிடவா?"

"என் வாயால நான் எப்படிச் சொல்றது மேடம்? எழுதுங்க."

குழுத்தலைவி பேனா மூடியைக் கழற்றினார். இவ்வளவு நேரமும் குழுவின் செருப்புத் தடங்களைத் துடைத்துக்கொண்டிருந்த துப்புரவு அம்மாள் நிமிர்ந்தாள்.

"சார், போறப்ப அந்த மூலைக் கம்ப்யூட்டர மறக்காம அணைச்சிடுங்க. புதுசா சேர்றவங்க பழகறதுக்கு வெச்சது, கேமராவுக்கு ஒயரே கிடையாது. போன தடவையும் நீங்க விளையாடிட்டு அப்படியே விட்டுட்டுப் போயிட்டீங்க."