தொட்டிக்குள் ஒரு டிப்போ

மறுபடியும் கடித்துவிட்டது. வெள்ளை மீனின் வாலில் பாதியைக் காணோம். வரி போட்ட மீன் ஒன்றுமே நடக்காத மாதிரி கல்லுக்குப் பின்னால் நின்று வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"இவன்தான். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது" என்றார் சமாதானம்.

அது அவர் பெயரில்லை. பஸ் டிப்போவில் மேனேஜராக இருந்தபோது ஊழியர்கள் வைத்த பட்டம். டிரைவருக்கும் கண்டக்டருக்கும் கைகலப்பு என்றால் இருவரையும் தன் அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பேச ஆரம்பிப்பார். கொஞ்ச நேரத்தில் இருவரும் தோள்மேல் கைபோட்டபடி வெளியே வந்துவிடுவார்கள். அவர் பேச்சைக் கேட்பதைவிட ராசியாகிவிடுவது சுலபம் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கலாம். அவர் அப்படி யோசித்ததில்லை.

ஓய்வு பெற்று வீட்டோடு இருக்க ஆரம்பித்த சில வாரங்களில், மனைவியும் மருமகளுமாகச் சேர்ந்து இந்த மீன்தொட்டியை வாங்கிக் கொடுத்தார்கள். அவருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

இப்போது வேறு விதத்தில் கலங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பழைய உதவி மேனேஜர் வீட்டுக்கு வருகிறார். போனில் சும்மா இருந்திருக்கலாம். "என் தொட்டிய வந்து பாருய்யா, ஒருத்தன் ஒருத்தனத் தொடமாட்டான்" என்று இவர் அளந்துவிட்டார். அந்த மனிதரோ ஊரெல்லாம் தண்டோரா போடுகிற ரகம். ஆறு மீனைக் கட்டி மேய்க்கத் தெரியாதவனா டிப்போவை ஆண்டான் என்று கேட்டுவிட்டால், அத்தனை வருஷப் பேரும் போச்சு.

வரிமீனை சஸ்பெண்ட் செய்தார். வலையில் அள்ளிக் கண்ணாடி ஜாடியில் விட்டு ஜன்னலோரம் வைத்தார். சாயங்காலத்துக்குள், அதுவரை வாயில்லாப் பூச்சியாக இருந்த நீலமீன் மற்ற எல்லாரையும் விரட்ட ஆரம்பித்தது.

"இத்தனை நாளா நல்லவன் மாதிரி நடிச்சிருக்கான் பாரு!"

"நாற்காலி காலியானா யாராவது உக்காரத்தானே செய்வாங்க" என்றாள் மனைவி, துணி மடித்துக்கொண்டே.

மீன்கடைக்காரரிடம் ஓடினார்.

"கல்லு, செடியெல்லாம் இடம் மாத்திப் போடுங்க சார். எது யார் இடம்னு தெரியாமப் போச்சுன்னா சண்டை நின்னுடும்."

இது அவருக்குப் பிடித்துப்போனது. ஒட்டுமொத்த டிரான்ஸ்ஃபர். சட்டைக் கையை மடித்துக்கொண்டு தொட்டியையே புரட்டிப் போட்டார். விளைவு, ஜென்மத்தில் நகராத அடித்தரைக் கெளுத்திகூட புதுக் குகைக்காக மல்லுக்கு நின்றது.

"அப்ப இன்னும் அஞ்சு மீனு விடுங்க" என்றார் கடைக்காரர். "கூட்டம் கூடினா யாரத் துரத்தறதுன்னு தெரியாம விட்டுடும்."

கூட்டம் கூடியது. விட்டுவிடவில்லை. தொட்டிக்குள் இரண்டு யூனியன் உருவாயின. ஜாடியிலிருந்த வரிமீனையும் வேறு வழியில்லாமல் உள்ளே விட்டார். அது போன வேகத்தில் ஒரு யூனியனுக்குத் தலைவராகிவிட்டது.

அவர் தொட்டி முன்னாலேயே சாப்பிட்டார், அங்கேயே பேப்பர் படித்தார், நாற்காலியிலேயே கண்ணசந்தார். வீடு வெகு நிம்மதியாக இருந்தது. மருமகள் வேலை செய்தபடி பாட்டுக்கூட முணுமுணுத்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் பொறி தட்டியது. டிப்போவில் பாதிச் சண்டை குடிநீர்க் குழாயடியில்தான் நடக்கும். அவர் எதிர்ச் சுவரில் இன்னொரு குழாய் போட்டதும் நின்றது.

தொட்டியின் நடுவில் பிளாஸ்டிக் செடிகளைச் சுவர் மாதிரி நட்டார். மருமகளைக் கூப்பிட்டார்.

"ஏம்மா, நீ அந்த மூலைல தீனி போடு, நான் இந்த மூலைல போடறேன். ஒரே நேரத்துல போடணும். ம், போடு!"

மீன்கள் இரண்டாகப் பிரிந்தன, தின்றன, அவையவை பாட்டுக்குச் சுற்றின. வரிமீன் வெள்ளை மீனை உரசிக்கொண்டு போனது, ஒன்றும் செய்யவில்லை.

"நின்னுடுச்சா மாமா?" மருமகளின் குரல் தழுதழுத்தது. "நெசமாவே நின்னுடுச்சா?"

"பின்னே? யாருன்னு நெனச்சே?"

அவருக்குத் தலைகால் புரியவில்லை. தொட்டியில் பார்ப்பதற்கு வேலை ஒன்றும் இல்லாததால் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தார். சமையலறை வாசலில் நின்றார்.

"இந்தக் கரண்டியெல்லாம் ஏன் இப்படித் தொங்குது? நீளத்துப்படி வரிசையா மாட்டினா என்ன? இந்த டப்பாவ யாரு இங்க வச்சது?"

மனைவி மருமகளைப் பார்த்தாள். மருமகள் அவசரமாக நூல்கண்டு வாங்கவேண்டும் என்று செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

ஞாயிறு காலை எழுந்து பார்த்தவர் பல்துலக்கும் பிரஷ்ஷோடு அப்படியே நின்றுவிட்டார். தொட்டி நடுவே உதடு தடித்த மஞ்சள் மீன் ஒன்று உலா வந்துகொண்டிருந்தது. மற்ற எல்லாம் ஒரே மூலையில் ஒடுங்கியிருந்தன. யூனியன் தலைவர்கூட கெளுத்திக்குப் பின்னால் ஒளிந்திருந்தார்.

"இது யாரு?"

"ஏதாவது குட்டி போட்டிருக்கும்" என்றாள் மனைவி, திரும்பிப் பார்க்காமல்.

"இத்தாம் பெரிய குட்டியா?"

விசாரிக்க நேரமில்லை. உதவி மேனேஜர் கிளம்பிவிட்டதாகப் போன் வந்துவிட்டது. மஞ்சளை ஒரு பையில் தண்ணீரோடு பிடித்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்கக் கடைக்கு ஓடினார். கடைக்காரர் இல்லை. அவர் மனைவி கல்லாவில் உட்கார்ந்திருந்தாள். அந்த அம்மாள் இவரை இதற்குமுன் பார்த்ததில்லை. பையைப் பார்த்ததும் எழுந்துவிட்டாள்.

"நேத்து அந்தப் பொண்ணு எடுத்துட்டுப் போன மீனாச்சே! நீங்க அந்த வீடா?"

"ஆமா. இது வேணாம். இத மாத்தணும்."

அவள் 'உச்' கொட்டினாள்.

"இதுவும் அடங்கிடுச்சாண்ணே? மொத நாள்லேருந்து அவங்க சண்டைக்கார மீனாத்தான் கேட்டு வாங்கறாங்க, எதுவும் நெலைக்க மாட்டேங்குது. கவலைப்படாதீங்க, இதவிட முரடா ஒண்ணு தர்றேன். தொட்டில சண்டை நின்னா அந்த டிப்போக்காரர் சமையக்கட்டுக்குள்ள வந்துடுவாராமே, பாவம் அந்தப் பொம்பளைங்க!"