வாய்க்குள் வான்கோழி வைத்திருந்தவர்

புதுச்சேரியில் வாயால் பிழைத்தவர்கள் நிறையப் பேர். வக்கீல்கள் இருந்தார்கள், ஏலம் போடுகிறவர்கள் இருந்தார்கள், தேர்தல் வந்துவிட்டால் ஊரே இருந்தது. ஆனால் வாய்க்குள் ஒரு வான்கோழியைக் குடிவைத்துப் பிழைத்தவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் வான்கோழி முசே.

ஞானஸ்நானத்தில் பாதிரியார் வைத்த நீளமான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். முசே என்பது வெள்ளைக்காரத் துரைமார்களுக்கு உள்ள பட்டம். எங்கள் குப்பத்துக்காரர்கள் அதைக் கேலிக்காக இவருக்குக் கொடுத்தார்கள். அது கேலி என்று கடைசிவரை அவர் நம்பவில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் நான் பஞ்சாலையில் இயந்திரம் பழுதுபார்க்கிற பிட்டர். முசே வீட்டுப் பின்னறையில் வாடகைக்கு இருந்தேன். எனக்கு அப்போதும் கோபம் அதிகம், இப்போதும் அப்படித்தான். விடியும் முன்னே பதினாறு வான்கோழிகள் ஜன்னலுக்கு வெளியே நின்று ஒன்றாகக் கத்தினால் வேறு என்ன வரும்?

வெள்ளைக்காரர் வீடுகளில் நொவேல் என்று சொல்லும் கிறிஸ்துமஸ் விருந்துக்கு வான்கோழி வேண்டும். அதை வளர்த்துக் கொடுப்பது முசேயின் தொழில். கொடுப்பது பெரிதில்லை, கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் பெரிது. கயிறு கிடையாது, கூடை கிடையாது, குச்சிகூடக் கிடையாது. முசே முன்னால் நடப்பார், பதினாறும் பின்னால் நடக்கும். ஜெபமாலை ஊர்வலத்தில்கூட அவ்வளவு ஒழுங்கை நான் பார்த்ததில்லை.

ரகசியம் அவர் வாய்க்குள் இருந்தது. அதை அவர் நாக்கு என்பார். கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரியது, குதிரை லாட வடிவம். பால்டப்பாத் தகட்டை வெட்டி வளைத்து, நடுவில் ஆட்டுக்குடல் சவ்வு இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக இழுத்துக் கட்டி, ஓரத்தில் மெழுகுத்துணி சுற்றியிருப்பார். மேலண்ணத்தில் ஒட்டவைத்து ஊதினால் தாய்க்கோழி கூப்பிடுகிற சத்தம் வரும். ரெயூனியன் தீவுக்குப் போய்வந்த கப்பல்காரர் ஒருவரிடம் கற்றுக்கொண்டாராம். அப்படி மூன்று நாக்கு வைத்திருந்தார். ஒன்று செய்யப் பத்து நாள் ஆகும்.

செய்வதைவிடக் கொடுமை அதைக் கழுவுவது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் ஒரே ஒரு கிராம்பு போட்டு, வீட்டில் இருந்த ஒரே பீங்கான் கோப்பையில் ஊறவைப்பார். தேய்க்கக் கூடாது. பழைய வேட்டித்துணியில் ஒற்றி எடுக்கவேண்டும். இரண்டு சவ்வும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க நடுவில் ஈர்க்குச்சித் துண்டு ஒன்றைச் செருகி, நிழலில் ஆறவிட்டு, இருமல் மிட்டாய் டப்பாவில் வைத்து மூடி, தண்ணீர்ப் பானைக்கு அடியில் ஈரமணலில் புதைப்பார். பெற்ற பிள்ளையைத் தூங்க வைப்பதுபோல் இருக்கும். பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கே கண் சொக்கும். கோபமும் வரும்.

நாக்கு வாய்க்குள் இருக்கும்போது அவரால் பேச முடியாது. வீட்டில் அதற்குப் பழகியிருந்தார்கள்.

"கடைக்குப் போறேன், வெத்தலை வேணுமா?" என்று அவர் மனைவி மார்த்தா அக்கா கேட்பாள்.

"கியோக்."

"பாக்கு?"

"கியோக், கியோக்."

"நேத்து வாங்குன பாக்கு எங்க போச்சு? பொய் சொல்லாதே."

ஒருமுறை சிவப்புத் தொப்பிப் போலீஸ் சிப்பாய் ஒருவன் கடற்கரைச் சாலையில் அவரை மறித்தான். "எங்க ஓட்டிக்கினு போறே?" என்று கேட்டான். முசே மரியாதையாகப் பதில் சொன்னார். கியோக். உடனே பின்னால் இருந்த பதினாறும் தங்கள் பதிலைச் சொல்லின. சிப்பாய் இரண்டடி பின்வாங்கி, "சரி சரி, ஒவ்வொருத்தரா பேசுங்க" என்றானாம். நான் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சிப்பாயைப் பார்த்திருக்கிறேன், சொல்லக்கூடியவன்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். துரை வீடு ஒன்றில் சமையல் பார்த்த குசினிக்காரர்தான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் சேர்த்து வான்கோழி வாங்குவார். அந்த ஒரு மனிதர் வேண்டாம் என்றால் முசேக்கு அந்த வருஷம் முழுவதும் பட்டினி. முந்தின கிறிஸ்துமஸுக்கு முசே ஒரு மணி நேரம் தாமதம். குசினிக்காரர் இந்தத் தடவை வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"துரையோட மதாம் மத்தியானம் தூங்கி எழுந்திரிச்சுப் பார்க்கிறப்போ தோட்டத்துல பறவை நிக்கணும். இருபத்துமூணாந் தேதி, மூணு மணி. இல்லன்னா அடுத்த வருஷத்துலேர்ந்து கடலூர்க்காரன்தான். அவன் வண்டியில போட்டு எடுத்தாறான்."

கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்பு. மில்லுக்கு லீவு. முசே காலையில் மூன்று நாக்கையும் கோப்பையில் ஊறப்போட்டுவிட்டு, பாதிரியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு மாதா கோயிலுக்குப் போனார். கிறிஸ்துமஸ் நெருங்கினால் அங்கே வரிசை வாசல்வரை நிற்கும். அக்கா மீன் வாங்கப் போயிருந்தாள். வீட்டில் நானும் கோப்பையும்.

இரண்டு வருஷமாக நான் பார்த்துச் சகித்த கூத்து அது. கிராம்பாம், வேட்டித்துணியாம். மில்லில் எந்தச் சாமானாக இருந்தாலும் சோடாக்காரம் போட்ட கொதிக்கிற தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விடுவோம். பத்து வருஷம் அதைத்தான் செய்திருக்கிறேன். தறி ஓடியது. வான்கோழி ஓடாதா? மனிதருக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

முசே பாவமெல்லாம் தீர்ந்து, முகம் பளபளவென்று திரும்பி வந்தார்.

"கழுவி வெச்சிருக்கேன் அண்ணே" என்றேன்.

அவர் எட்டிப் பார்த்தார். "வெந்நியிலயா?"

"கொதிக்கக் கொதிக்க."

"வெயில்லயா?"

"நல்லா காய வேணாமா?"

விரலால் தொட்டு மோந்து பார்த்தார். "இது என்னா தம்பி?"

"மில்லு எண்ணெய். வெளியில கெடைக்காது."

மூன்று நாக்கும் பொரித்த அப்பளம் மாதிரிச் சுருண்டிருந்தன. ஒன்றை வாயில் வைத்து ஊதினார். காற்றுத்தான் வந்தது. திட்டுவார் என்று நின்றேன். திட்டினால் திருப்பிக் கொடுக்கலாம், எனக்கு அது பழக்கம். அவர் திட்டவில்லை. மூன்றையும் எடுத்து டப்பாவில் வைத்து மூடினார்.

"மணி என்னா தம்பி?"

"பன்னெண்டு."

"நடப்போம்."

அந்த நேரத்தில் புதுச்சேரி தூங்கும். அதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். கடை மூடி, சர்க்கார் கந்தோர் மூடி, ஆளை வைத்துத் தள்ளிக்கொண்டு போகிற புஸ்புஸ் வண்டிக்காரன் வண்டிக்குள்ளேயே சுருண்டுகொள்வான். கடல்கூடக் கண்ணை மூடிக்கொண்டு அலை அடிப்பதுபோல் இருக்கும். மணல் வெள்ளை, சுவர் வெள்ளை, வானமும் வெள்ளை. அந்த வெள்ளைக்குள் பதினாறு கருப்பு வான்கோழிகள் தங்களுக்கு யாரும் இல்லை என்பதுபோல் இறங்கின. வைத்திக்குப்பம் வரைக்கும் ஏதோ பழக்கத்தில் வந்தன. அதற்குமேல் கூப்பிட ஆள் இல்லை. கலைந்துவிட்டன.

முசே வெறும் வாயால் கூப்பிட்டுப் பார்த்தார். ஒன்றும் திரும்பவில்லை. தென்னைக்குப் பின்னால் இரண்டு மறைந்தன. ஒன்று காயப்போட்ட வலைமேல் படுத்தது. படகு நிழலில் தூங்கிய மீன்காரி கண்ணைத் திறந்து, "யாரு வூட்டுக் கழுகுய்யா இது? என் கருவாட்டு மேல நிக்குது" என்றாள். சொல்லிவிட்டு மறுபடி தூங்கிப்போனாள். கனவென்று நினைத்திருப்பாள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. மணி இரண்டைத் தாண்டிவிட்டது. முசே மணலில் நின்று நெற்றியில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்புப் புள்ளிகள் நாலு பக்கமும் சின்னதாகிக்கொண்டே போயின.

படகு விளிம்பில் எங்கள் வான்கோழிச் சேவல் ஒன்று ஏறி நின்று என்னை மேலும் கீழும் பார்த்தது. எங்கள் மில் மேஸ்திரி என்னைப் பார்ப்பது அப்படித்தான். என்னால் பொறுக்க முடியவில்லை.

"டேய், எறங்குடா கீழ" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

குளுகுளுகுளு என்று அது பதிலுக்குக் கத்தியது. தென்னைக்குப் பின்னாலிருந்து இன்னொரு குளுகுளு. வலைக்கு அந்தப் பக்கம் ஒன்று, குடிசைக்குப் பின்னால் ஒன்று. ஆண் வான்கோழியின் குணம் அது. இடி, மணி, பட்டாசு, எந்தத் திடீர்ச் சத்தத்துக்கும் எதிர்ச்சத்தம் போட்டே தீரும். வாலை விரித்துக்கொண்டு நான்கும் என்னோடு சண்டைக்கு வந்தன. பெட்டைகள் வேடிக்கை பார்க்கப் பின்னால் வந்தன.

முசே என் தோளைப் பிடித்தார். "நிறுத்தாதீங்க தம்பி. கத்துங்க."

"கோவம் இல்லாம வராது அண்ணே."

"அந்த மேஸ்திரியை நெனைச்சுக்குங்க."

நினைத்துக்கொண்டேன். வைத்திக்குப்பத்திலிருந்து வெள்ளைக்காரர் தெருவரை அவனையும், அவன் மீசையையும், அவனை மேஸ்திரியாக்கியவர்களையும் வரிசையாக வைத்துத் திட்டிக்கொண்டே நடந்தேன். ஒவ்வொரு வசவுக்கும் நாலு சேவலும் ஆமாம் போட்டன. காகிதப்பூ உதிர்ந்த தெரு. அடைத்த ஜன்னல்கள். ஒரு வீட்டு மாடிக் கதவு மெல்லத் திறந்தது. தூக்கம் கலையாத வெள்ளைக்காரக் கிழவி ஒருத்தி எட்டிப் பார்த்தாள். வாய்கிழியக் கத்தும் ஒருவன், அவன் பின்னால் பதினாறு வான்கோழி, கடைசியில் பவ்யமாக ஒரு மனிதர். லேசாகச் சிரித்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

குசினிக்காரர் வாசலில் நின்றிருந்தார். உள்ளே கடிகாரம் மூன்று அடித்தது. அதற்கும் நாலு சேவல் பதில் சொல்லின. எண்ணிப் பார்த்தார். பதினாறு.

"யாருய்யா இது, முன்னால கத்திக்கினு வர்றது?"

"நம்ம வூட்டுத் தம்பி" என்றார் முசே. "கொஞ்சம் சத்தமாப் பேசுவாரு."

"அடுத்த நொவேலுக்கும் நீயே எடுத்துக்கினு வா. ஆனா இவரு வேணாம்."

அன்று சாயங்காலம் எனக்குத் தொண்டை கட்டி மூச்சுதான் வந்தது. பின்னறையில் கிடந்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் மார்த்தா அக்காவின் குரல்.

"மூணு நாக்கும் இப்படிக் கெடக்குதே. யாரு பண்ணது?"

"நான்தான். ஏதோ ஞாபகத்துல கொதிக்க வெச்சுட்டேன்" என்றார் முசே.

"காலையில கோயிலுக்குப் போயி என்னா புத்தி வாங்கிக்கினு வந்தே? கிறுக்கு புடிச்சிருக்கா உனக்கு?"

அக்கா ஈஸ்டர்வரை திட்டினாள். சோறு போடும்போது திட்டினாள், விளக்கு வைக்கும்போது திட்டினாள், விருந்தாளி வந்தால் அவர்களையும் உட்கார வைத்துக்கொண்டு திட்டினாள். முசே ஒரு நாளும் என் அறைப் பக்கம் கையைக் காட்டவில்லை. எனக்குத் தொண்டை மூன்று நாளில் சரியாகிவிட்டது. ஊரில் எல்லாரோடும் சண்டை போட்டேன். இதை மட்டும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இப்போது முசேயும் அக்காவும் கல்லறைத் தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறார்கள். அக்கா, அவரைத் திட்டாதே. அது நான்.