ஐந்து நட்சத்திர பீர்

"அங்கிள், எங்க வைக்கட்டும்?"

மின்தூக்கி வாசலில், தள்ளுவண்டியில் ஒரு மூட்டையோடு நின்றிருந்தாள் பார்சல் கொண்டுவந்த பெண். சியா எங் ஹொக் கம்பிக் கதவுக்குள் நின்றபடியே மூட்டையைப் பார்த்தார். அவர் எதிர்பார்த்தது காலணிப் பெட்டி அளவில் ஒரு பொட்டலம். வந்திருப்பது ஏறக்குறைய அவருடைய மனைவியின் அளவு.

"என் பேருக்கா வந்திருக்கு?"

"புளோக் நூத்திப் பதினாறு, ஒன்பதாவது மாடி, சியா எங் ஹொக். நீங்கதானே? இருபத்தஞ்சு கிலோ அங்கிள். சீக்கிரம் சொல்லுங்க, கீழ இன்னும் நாப்பது வீடு இருக்கு."

எங் ஹொக் கைப்பேசியை எடுத்துப் பார்த்தார். அளவு என்ற கட்டத்தில் 'ஒன்று' என்று போட்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது ஒரு கிலோ. கடைக்காரரைப் பொறுத்தவரை ஒரு மூட்டை. விலை கொஞ்சம் அதிகமாகத் தெரிந்தது உண்மைதான். உயர்ந்த சரக்கு என்று நினைத்துக்கொண்டார். முதலில் 'ஐந்து' என்று போட்டு, பிறகு மனம் மாறி அழித்தது நினைவுக்கு வந்தபோது அவருக்கு லேசாக வியர்த்தது.

சமையலறையிலிருந்து பெக் லான் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அது? அரிசியா?"

"மால்ட். பார்லிய முளைகட்டிக் காய வெச்சது. பீர் காய்ச்ச."

"ஏன், ஊர்ல பீர் தீந்துபோச்சா?"

எங் ஹொக் மூட்டையை உள்ளே இழுத்தார். இருபத்தாறு ஆண்டுகள் மின்தூக்கி பழுதுபார்த்தவர் அவர். சென்ற ஆண்டு முழங்காலில் அறுவை சிகிச்சை ஆனதும், நிறுவனம் அவரைக் கண்காணிப்பு அறையில் உட்கார வைத்துவிட்டது. இப்போது தீவின் மின்தூக்கிகள் எல்லாம் அவருக்குத் திரையில் பச்சைப் புள்ளிகள். ஏதாவது ஒன்று சிவப்பானால் இன்னொருவரைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும். பச்சைப் புள்ளிக்கு எண்ணெய் போட முடியாது. ஆறு மாதத்தில் வீட்டிலிருந்த எல்லாக் கதவுக் கீல்களுக்கும் இரண்டு முறை எண்ணெய் போட்டுவிட்டார்.

அந்த நேரத்தில்தான் கைப்பேசியில் அந்தக் குழு கண்ணில் பட்டது. வீட்டில் பீர் காய்ச்சுவோர் வட்டம். உறுப்பினர்கள் பன்னிரண்டு பேர். மால்ட், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூ, ஈஸ்ட், தண்ணீரின் உப்பு என்று நாளெல்லாம் பேசினார்கள். சேர விரும்புவதாக எழுதினார். குழுத் தலைவர் டெஸ்மண்ட் குவெக், ஓய்வுபெற்ற காப்புறுதி முகவர், தொலைபேசியிலேயே கூப்பிட்டார்.

"செப்டம்பர் கடைசி ஞாயிறு எங்க சுவைநாள். நீங்க காய்ச்சின பீர் ஆறு பாட்டில் கொண்டு வாங்க. வட்டம் ருசி பாத்துச் சரின்னா, நீங்க பதிமூணாவது ஆளு."

"எனக்கு ஒண்ணுமே தெரியாது மிஸ்டர் குவெக்."

"எல்லாரும் செய்ற மாதிரி செஞ்சு கொண்டு வாங்க. ரொம்ப யோசிக்காதீங்க."

எங் ஹொக் யோசித்தார். மூட்டை வந்த அன்று, போர் வந்தால் பதுங்க வீட்டுக்குள்ளேயே கட்டியிருந்த குண்டு தாங்கும் அறையைப் பெக் லானிடம் கேட்டார். அதில் அவள் தன் தையல் இயந்திரத்தை வைக்கத் திட்டமிட்டிருந்தாள்.

"சுவைநாள் வரைக்கும்தான். அங்க உன்னச் சேத்துக்கலைன்னா, இந்தச் சாமான் மொத்தமும் வெளிய போகணும். பேச்சு மாறக் கூடாது."

"மாற மாட்டேன்."

மூட்டையைப் பிரித்தபோது இன்னொன்று தெரிந்தது. மால்ட் முழுத் தானியமாக இருந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டார்.

'முழுசா வாங்கினாத்தான் மணம் நிக்கும். நல்ல கடையா பிடிச்சிருக்கீங்க' என்று எழுதினார் குவெக்.

'இத எப்படி அரைக்கிறது?' என்று கேட்டார் எங் ஹொக்.

அதுவரை கலகலவென்று இருந்த குழு அமைதியானது. கால் மணி நேரம் கழித்து குவெனி பெரேரா என்ற அம்மையார் எழுதினார்: 'உருளை வெச்ச அரவை வாங்குங்க. எப்பவும் நட்சத்திரம் பாத்து வாங்கணும்.'

எங் ஹொக் ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துக் கோடு போட்டார். பதினொரு கடைகள். ஒவ்வொன்றுக்கும் நட்சத்திரம், வந்துசேரும் நாள், வாடிக்கையாளர் கருத்து. முதலிடம் வந்த கடைக்கு ஐந்துக்கு நான்கு புள்ளி ஒன்பது. கருத்துகளையும் விடாமல் படித்தார்.

'பெட்டி உறுதியாக இருந்தது. நன்றி.'

'வேகமாக வந்தது. இன்னும் பிரிக்கவில்லை. ஐந்து நட்சத்திரம்.'

'கணவருக்குப் பரிசாக வாங்கினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஐந்து நட்சத்திரம்.'

பெட்டி உண்மையிலேயே உறுதியாக இருந்தது. உள்ளே இரண்டு உருளைகளும் ஒரு பை திருகாணியும் இருந்தன. கைப்பிடி இல்லை. தானியம் கொட்டும் வாயும் இல்லை. கடைக்கு எழுதினார். உடனே பதில் வந்தது: 'அன்பான வாடிக்கையாளரே, கைப்பிடி தனியாக விற்கப்படுகிறது. தற்போது இருப்பில் இல்லை. எங்கள் சேவைக்கு நட்சத்திரம் வழங்குங்கள்.'

கைப்பிடி இல்லாவிட்டால் என்ன, துளையிடும் இயந்திரம் இருந்தது. சனிக்கிழமை காலையில் அதை உருளையோடு பூட்டி, தண்ணீர் பாட்டிலை வெட்டி வாய் செய்து பொருத்தி, விசையை அழுத்தினார். பல மாதங்களுக்குப் பிறகு கையில் ஒரு மோட்டாரின் அதிர்வு. எங் ஹொக் சிரித்தே விட்டார்.

பத்து நிமிடத்தில் கதவு தட்டப்பட்டது. எட்டாவது மாடி ரொக்கையா, கையில் ஒரு கறுப்புச் சட்டையோடு நின்றிருந்தார். சட்டை வெள்ளையாகியிருந்தது.

"ஹொக், மேல என்ன, மாவ அவிச்சு புத்து பிரிங் பலகாரக் கடை போட்டிருக்கியா? சன்னலுக்கு வெளிய என் கம்புல காயுற துணியெல்லாம் மாவு."

"மன்னிச்சுக்குங்க அக்கா. சன்னலத் திறந்து வெச்சுட்டேன்."

"சரி, கடை எப்பத் திறப்பு? சொல்லு, முதல் தட்டு எனக்கு."

சன்னலை மூடிக்கொண்டு மீதியை அரைத்தார். தூசி முழுவதும் வீட்டுக்குள்ளேயே தங்கியது. உருளைகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு விட வேண்டும் என்று யாரும் சொல்லாததால், மால்ட் உடைவதற்குப் பதிலாக மாவாகியிருந்தது. சுடுநீரில் போட்டார். கிளறினார். வடிகட்டித் தண்ணீரை இறக்கப் பாத்திரத்தின் அடிக் குழாயைத் திறந்தார். ஒரு சொட்டும் வரவில்லை.

பெக் லான் கரண்டியை உள்ளே விட்டாள். கரண்டி நிமிர்ந்து நின்றது.

"இது பீரா, கஞ்சியா?"

"பீராகப் போற கஞ்சி."

"எப்ப?"

எங் ஹொக் குழுவில் கேட்டார். 'உமி கலக்கணும், அப்பத்தான் வடியும்' என்றார் குவெக். எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டதற்கு, 'நான் எப்பவும் ஒரே கடைலதான் வாங்குவேன். பேருதான் சட்டுனு வர மாட்டேங்குது' என்று எழுதினார்.

இந்த முறை எங் ஹொக் ஏமாறவில்லை. நட்சத்திரத்தை விட்டுவிட்டு எடையைத்தான் முதலில் பார்த்தார். குறைந்தது பத்து கிலோ என்றிருந்தது. வெறும் பத்து கிலோ. வாங்கினார்.

"அங்கிள், இது கதவுல நுழையாது போலிருக்கே" என்றாள் அதே பெண்.

உமிக்கு எடை இல்லை, உடம்பு மட்டும் உண்டு என்பது எங் ஹொக்குக்கு அன்றுதான் தெரிந்தது. சலவை இயந்திரத்தைவிடப் பெரிய அந்தப் பையை மூவரும் சேர்ந்து அமுக்கி உள்ளே இழுத்தார்கள். குண்டு தாங்கும் அறையில் இடம் இல்லை. பை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்தது. பெக் லான் அன்றிலிருந்து தன் நாடகத்தை நின்றுகொண்டு பார்த்தாள்.

இரண்டாம் முறை காய்ச்சியது வடிந்தது. ஈஸ்ட் மட்டும்தான் பாக்கி. அது வந்த நாளில் இருவரும் வேலைக்குப் போயிருந்தார்கள். பொட்டலம் காலணி அடுக்கின் மேல், நேர் வெயிலில், ஆறு மணி நேரம் இருந்தது. எங் ஹொக் வந்து பார்த்தபோது பொட்டலம் கோபம் கொண்ட பேத்தை மீனைப் போல் ஊதியிருந்தது.

"படம் எடுத்து அனுப்பினேனே அங்கிள்" என்றாள் பார்சல் பெண், மறுநாள். "காலணியோட சேத்து அழகா எடுத்திருந்தேன்."

இன்னொரு கடை, குளிர்பெட்டியில் வைத்து அனுப்புவதாக உறுதி சொன்னது. அவசரத்துக்கு அதில் வாங்கினார். சொன்னபடியே வந்தது. ஐஸ் மூன்று கிலோ, ஈஸ்ட் பதினொரு கிராம். உறையின் மேல் 'குளிர் தேவையில்லை' என்று அச்சடித்திருந்தது.

ஈஸ்டுக்குத் தேவைப்படாத குளிர், அதைப் போட்ட பிறகு பீருக்குத் தேவைப்பட்டது. வெயில் முப்பத்திரண்டு பாகை. பீப்பாயைப் பெரிய தொட்டியில் நிறுத்தி, ஐஸ் பாட்டில்களைச் சுற்றி வைத்து, ஒரு நாளைக்கு நான்கு முறை மாற்றினார். மதிய இடைவேளையில் பேருந்து பிடித்து வீட்டுக்கு வந்து மாற்றிவிட்டுப் போனார். முழங்கால் வீங்கியது.

"நம்ம பொண்ணுக்குக் காய்ச்சல் வந்தப்பகூட நீ இப்படி ஐஸ் வெச்சதில்ல" என்றாள் பெக் லான். ஆனால் அடுத்த நாள் மதியம் அவர் மூச்சிரைக்க வந்து பார்த்தபோது பாட்டில்கள் ஏற்கெனவே மாற்றப்பட்டிருந்தன.

பாட்டில் வாங்குவதில் அவர் மிகுந்த கவனம் எடுத்துக்கொண்டார். பதினான்கு கடைகள், மூன்று பக்கம் கோடு. வந்தவை உடையாமல் வந்தன. கம்பி வைத்த மூடி, மெல்லிய நீலக் கண்ணாடி, பார்க்கவே அழகு. ஒவ்வொன்றிலும் நுரைக்காகக் கொஞ்சம் சர்க்கரை போட வேண்டும் என்று படித்திருந்தார். எவ்வளவு என்று குழுவில் கேட்டார்.

'ஒரு ஸ்பூன்' என்றார் குவெனி பெரேரா.

'எந்த ஸ்பூன்?'

பதில் வரவில்லை. எங் ஹொக் சூப் குடிக்கும் பீங்கான் கரண்டியை எடுத்துக்கொண்டார். இருபத்து நான்கு பாட்டில்களையும் நிரப்பி மூடி, குண்டு தாங்கும் அறையில் அடுக்கினார்.

சுவைநாளுக்கு மூன்று நாள் இருக்கும்போது, மாலை ஆறரை மணிக்கு, சாப்பாட்டு மேசையில் இருவரும் உட்கார்ந்த நேரத்தில், குண்டு தாங்கும் அறைக்குள் முதல் பாட்டில் வெடித்தது. அதைக் கேட்டு இரண்டாவது வெடித்தது. பிறகு எண்ண முடியவில்லை. இரும்புக் கதவு அசையவில்லை. வெளியே விழும் குண்டிலிருந்து உள்ளே இருப்பவர்களைக் காப்பாற்றக் கட்டிய அறை, உள்ளே இருந்த குண்டிலிருந்து வெளியே இருந்தவர்களைக் காப்பாற்றியது.

சத்தம் அடங்கியதும் பெக் லான், பாட்டில்கள் வந்த பெட்டியைத் திருப்பி ஒட்டுத்தாளைப் படித்தாள்.

"ஹொக். 'வினிகர், சமையல் எண்ணெய்க்கு ஏற்றது. நுரைக்கும் பானங்களுக்கு அல்ல.'"

"எங்க போட்டிருக்கு?"

"அடியில. எறும்பு படிக்கிற எழுத்துல."

இருபத்து நான்கு பாட்டில்களில் ஆறு தப்பித்திருந்தன. எங் ஹொக் கண்ணாடித் தூளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்கார்ந்து அந்த ஆறையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"விட்டுடலாம் பெக் லான். தையல் மிஷின உள்ள வெச்சுக்க."

"ஆறு பாட்டில்தானே கேட்டாங்க?"

"ஆமா."

"ஆறு இருக்குல்ல? எழுந்திரு. கண்ணாடி குத்தப்போவுது."

ஞாயிறு பிற்பகல், ஆறு பாட்டில்களையும் குளிர்பெட்டியில் போட்டு, துவாலைகளால் பொதிந்து, பெக் லானே தூக்கி வந்தாள். சமூக மன்றத்தின் இரண்டாவது மாடி அறையில் வட்டம் கூடியிருந்தது. நீண்ட மேசையில் பன்னிரண்டு பேரின் பாட்டில்கள். ஒவ்வொன்றிலும் சொந்தப் பெயர் அச்சடித்த ஒட்டுத்தாள். ஊற்றிய பீர் எல்லாம் பொன்னிறம், கண்ணாடி போல் தெளிவு, மேலே இரண்டு விரல் நுரை. குவெக் ஒவ்வொன்றையும் வாயில் வைத்துச் சுழற்றி, "ஆரஞ்சுத் தோல்", "மழைக்குப் பிந்திய வைக்கோல்" என்று சொல்லிக்கொண்டு போனார். மற்றவர்கள் தலையாட்டிக் குறிப்பு எழுதினார்கள்.

எங் ஹொக் தன் முதல் பாட்டிலைத் திறந்தார். பாதி பீர் கூரைக்குப் போய்விட்டுத் திரும்பியது. மீதியைக் கோப்பையில் ஊற்றினார். அடைமழை பெய்த மறுநாள் கால்வாயில் ஓடும் தண்ணீரின் நிறம். அதில் ஓர் உமி மிதந்தது.

குவெக் ஒரு மிடறு குடித்தார். முகம் ஒரு பக்கமாகப் போய் மெதுவாகத் திரும்பி வந்தது. ஒன்றும் சொல்லாமல் கோப்பையை குவெனி பெரேராவிடம் நீட்டினார். அவர் முகர்ந்தார், குடித்தார், கைக்குட்டையை எடுத்தார். கோப்பை ஒவ்வொருவராகக் கைமாறியது. யாரும் பேசவில்லை. ஒருவர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். பன்னிரண்டு பேரும் எங் ஹொக்கைச் சுற்றி நின்று, கோப்பையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

எங் ஹொக் குளிர்பெட்டியின் மூடியைத் தேடினார்.

பெக் லானுக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன எல்லாரும் ஊமையா நிக்கறீங்க? நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு வாயத் திறந்து சொல்லுங்க! இந்த மனுஷன் ரெண்டு மாசமா நீங்க சொன்னதத்தான் ஒண்ணுவிடாமக் கேட்டாரு. முழு மால்ட்னீங்க, அரைச்சாரு. உமின்னீங்க, என் வீட்டுல உக்கார இடமில்ல. ஒரு ஸ்பூன்னீங்க, வீடே வெடிச்சுது. இன்னும் என்ன செஞ்சிருக்கணும் அவரு?"

குவெக் தரையைப் பார்த்தார். குவெனி பெரேரா சன்னலைப் பார்த்தார். கடைசியில், இதுவரை பின்வரிசையில் நின்று வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த துங் என்ற கிழவர், எங் ஹொக்கின் அருகில் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"தம்பி, நாங்க எல்லாரும் கடை பீர வாங்கி பாட்டில் மாத்தித்தான் கொண்டு வர்றோம், நீங்க என்ன, நெசமாவே காய்ச்சிட்டீங்களா?"