எங்கள் வீட்டைச் சுடுகாடாக்கினேன்

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறவளுக்கு வீட்டில் தனி மரியாதை உண்டு. போனைப் பார்த்து அவள் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். அந்த மரியாதையால் வந்த வினை இது.

விருத்தாசலத்தில் செராமிக் பட்டறைகளை ஒட்டி ஒரு பழைய வீட்டை வாங்கிப் புதிதாகக் குடியேறியிருந்தோம். நான், கணவர் அந்தோணி, மாமியார். ஒரு கோடை விடுமுறை மதியம் பொழுதுபோகாமல், போனில் நில ஆவணங்களுக்கான இணையதளத்தைத் திறந்தேன். (எல்லாரும் பார்க்கட்டும் என்று திறந்து வைத்திருக்கிறார்கள், பார்க்காமல் விட்டால் எப்படி?) வட்டம், கிராமம் என்று வரிசையாகத் தேர்ந்தெடுத்து, சர்வே எண்ணைத் தட்டினேன். சக்கரம் வெகுநேரம் சுற்றியது. பிறகு வந்தது: ‘வகைப்பாடு: மயானம்.’

பூண்டு உரித்துக்கொண்டிருந்த மாமியார் என்ன என்று கேட்க, கொஞ்சமும் யோசிக்காமல் உரக்கப் படித்தேன். அவர் தரையையே பார்த்தார்.

“அப்போ நாம படுத்திருக்கிறதுக்குக் கீழயும் படுத்திருக்காங்களா?”

அடுத்த நாள் உச்சிவெயிலில் தெருவில் நாய்கூட இல்லை. எங்கிருந்தோ ‘டிங்... டிங்’ என்று மெல்லிய ஓசை. யாரோ நகத்தால் வெண்கலத்தைச் சுண்டுவது போல. எழுந்து போய்ப் பார்த்தால் யாருமில்லை. கொல்லைக் குழாயடியில் மட்டும் காலடித் தடங்கள். சின்னச் சின்னதாக, சுண்ணாம்பு போல வெளுத்து, வேலி இடுக்கிலிருந்து குழாய்வரை வந்திருந்தன. திரும்பிப் போன தடம் ஒன்றுகூட இல்லை.

“வந்தவங்க போவலியே,” என்று மாமியார் கிசுகிசுத்தார்.

இருவரும் மெதுவாகத் திரும்பி வீட்டுக்குள் பார்த்தோம். காற்றே இல்லை, அடுக்களைத் திரை ஆடிக்கொண்டிருந்தது.

மாமியார் மாதா கோயிலிலிருந்து தீர்த்தம் வாங்கிவந்து மூலைக்கு மூலை தெளித்தார், என் லேப்டாப்பையும் விடாமல். (அதன் கீபோர்டு அன்றோடு போயிற்று.) வீட்டை விற்றுவிடலாம் என்று அந்தோணி முடிவெடுத்தார். நானோ, இனி யாரும் ஏமாறக் கூடாதென்று, போன் மேப்பில் எங்கள் வீட்டின்மேல் ‘மயானம்’ என்று குறித்துவைத்தேன். வீட்டை விற்கப்போகிறவள் செய்கிற காரியமா அது என்று எனக்குத் தோன்றவேயில்லை.

சில நாள் கழித்து, அதே உச்சிவெயிலில் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. மாலை போட்ட சொர்க்க ரதம். திட்டக்குடிப் பக்கத்து டிரைவர், கையில் போனோடு இறங்கினார்.

“அக்கா, மேப்பு இங்கதான் காட்டுது. கேட்டைத் தெறந்து வுடுங்க.”

நான் கேட்டின் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டேன். மாமியார் ஜெபமாலையைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பட்டறையில் வேலை செய்யும் பெண்கள் வேலியோரம் கூடினார்கள். முழங்கால்வரை வெள்ளைக் களிமண் தூசி.

“இது வூடுண்ணே,” என்றாள் ஒருத்தி. “சுடுகாடு தெக்கு ஊருல இருக்குது. நாங்க தெனமும் இங்கதான் காலு கழுவுறோம். பழைய வூட்டுக்காரங்க கழுவிக்கச் சொன்னாங்க.”

வரும்போதுதான் வெள்ளைத் தடம்; கழுவிய காலோடு திரும்பினால் ஏது தடம்? அந்த ‘டிங்’ ஓசையும், சூளையிலிருந்து எடுத்த கோப்பைகள் ஆறும்போது எழுவதுதானாம். வண்டி போனதும் இணையதளத்தை மறுபடி திறந்தேன். ஒரே பெயரில் வடக்கு, தெற்கு என இரண்டு கிராமங்கள். போன் திரையில் கடைசி எழுத்துகள் வெட்டுப்பட்டு இரண்டும் ஒன்றாகவே தெரிந்தன. எங்கள் வீடு வடக்கில்; நான் தெற்கைத் தொட்டிருக்கிறேன்.

வீட்டை விற்கவில்லை. மேப்பில் போட்ட பெயரை நீக்கச் சொல்லி விண்ணப்பித்தேன்; இன்னமும் ‘பரிசீலனையில்’ இருக்கிறது. அதற்குள் அங்கே யாரோ ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ‘அமைதியான இடம். இங்கேயே இருக்கிறேன்’ என்று எழுதியிருக்கிறார்கள். பெயரில்லை, படமில்லை. அந்தோணி சத்தியமாகத் தான் இல்லை என்கிறார். மாமியாரிடம் ஸ்மார்ட்போனே கிடையாது.

இப்போதும் ராத்திரிச் சாப்பாட்டில் ஒரு தோசை மிஞ்சினால், மாமியார் என்னைப் பார்த்துச் சொல்வார்: “மூடி வையி. அஞ்சு ஸ்டாருக்காரரு இன்னும் சாப்புடல.”

எல்லாரும் சிரிப்போம். நான் மூடித்தான் வைக்கிறேன்.